மூடி போல்ட்டை எண்ணி ஆக்சில் வாங்காதீர்கள்

பழைய அமெரிக்க மசில் காருக்குப் பின் ஆக்சில் தேடிக் கிளம்புகிறவர்கள் முதலில் குனிந்து ஆக்சிலின் நடுவில், டிஃபரன்ஷியலின் (இரண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கும் பகுதி) பின்மூடியில் எத்தனை போல்ட்டு என்று எண்ணுவார்கள். 12 இருந்தால் 'செவர்லே 12 போல்ட்டுதான்' என்று பேரத்தை முடித்துவிடுவார்கள். சிக்கல் அங்கேயே ஆரம்பம். செவர்லே டிரக்கிலும் 12 போல்ட்டு மூடி உண்டு. 1967 முதல் 1970 வரை ஓல்ட்ஸ்மொபைலில் வந்த 'டைப் ஓ' ஆக்சிலிலும் மூடிக்கு 12 போல்ட்டு. ஆனால் உள்ளே கிரவுனை (பெரிய பல்சக்கரம்) பிடித்திருப்பவை 10 மட்டுமே, செவர்லே பாகம் எதுவும் அதில் சேராது. காருக்கும் டிரக்குக்கும் கிரவுன் ஒரே 8.875 இன்ச் அளவு என்பதால் குழப்பம் இன்னும் கூடும். கிரவுனைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனின் தண்டை அளந்தால் உண்மை தெரியும்: காரில் 1.625 இன்ச், டிரக்கில் 1.438 இன்ச். கிரவுனும் பினியனும் சேர்ந்த பல் செட்டை ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றலாம் என்ற எண்ணத்தை அத்தோடு விட்டுவிடுங்கள்.

10 போல்ட்டு மூடி இதைவிட மோசமான பொறி. ஜெனரல் மோட்டார்ஸின் 8.2 இன்ச் கிரவுன் ஆக்சிலும் 8.5 இன்ச்சும் பின்னாலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். மூடியின் அடியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு போல்ட்டுகளின் நடுப்புள்ளி இடைவெளியை அளங்கள். ஏறத்தாழ 3.25 இன்ச் என்றால் 8.2, 3.75 என்றால் 8.5. தெருவில் பலமாக மிதித்து ஓட்டும் வண்டிக்கு 8.5 தாராளமாகப் போதும், தேடி எடுக்கத் தகுந்தது. 8.2-இலும் பியூக், ஓல்ட்ஸ்மொபைல், பான்டியாக் போட்டது வேறு, செவர்லே போட்டது வேறு. முதல் வகையில் ஆக்சில் தண்டை வெளிப்புறத்தில் தகடு வைத்து நான்கு போல்ட்டால் பிடித்திருப்பார்கள். செவர்லேயில் உள்முனையில் சி வடிவக் கிளிப்பான ஒரு சி-கிளிப்தான் பிடிமானம். சி-கிளிப் ஆக்சிலில் தண்டு முறிந்தால் சக்கரத்தோடு சேர்ந்தே வெளியே வந்துவிடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

8.5-ஐப் பிரிக்கும்போது ஒரு எச்சரிக்கை: கிரவுன் போல்ட்டுகள் இடது மரை. வழக்கப்படி இடப்பக்கமாகத் திருப்பிக் கழற்றப் பார்த்தால் இன்னும் இறுகும், கடைசியில் தலை உடையும். இன்னொன்று, கிரவுனைத் தாங்கும் டிஃபரன்ஷியல் கேரியர், பல் விகிதத்தைப் (சக்கரம் ஒரு சுற்றுக்குப் பினியன் எத்தனை சுற்று) பொறுத்து மாறும். 8.5-இல் 2.56 வரை ஒரு கேரியர், 2.73-க்கு மேல் வேறொன்று. கார் 12 போல்ட்டில் மூன்று வகை: 2.73 வரை ஒன்று, 3.08 முதல் 3.73 வரை இன்னொன்று, 3.90-க்கு மேல் மூன்றாவது. 2.73 வண்டியை வாங்கி 4.10 பல் போடத் திட்டமிட்டால் கேரியர் செலவும் கூடவே வரும்.

ஃபோர்டு 9 இன்ச்சை அடையாளம் காண்பது சுலபம். பின்னால் கழற்றும் மூடியே கிடையாது. கிரவுன் பினியன் தொகுதி முழுவதும் முன்பக்கமாக வெளியே வரும். 1957 முதல் 1986 வரை போட்டார்கள். ஆனால் 8 இன்ச்சும் அப்படியேதான் தோன்றும். சாக்கெட்டை எடுத்து முன்பக்க நட்டுகளில் வைத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் நேராக உட்கார்ந்தால் அது 8 இன்ச். அடியில் இருக்கும் இரண்டு நட்டுக்கு மட்டும் சாக்கெட் நுழையாமல் ரிங் ஸ்பேனர் கேட்டால் அது 9 இன்ச். அந்தத் தொகுதியைத் தாங்கும் கேஸின் மேல்பகுதியில் 'என்' எழுத்து வார்த்திருந்தால் உறுதியான நாட்யுலர் இரும்பு, விலையும் அதற்கேற்ற மாதிரி. ஆக்சில் தண்டு 28 ஸ்பிளைனா (முனையிலுள்ள பல் வரிகள்) 31-ஆ என்று வெளியே இழுத்து எண்ணாமல் நம்பாதீர்கள். போல்ட்டில் தொங்கும் தகடு கிடைத்தால் நல்லது: '3 எல் 50' என்றால் 3.50 விகிதம், லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்). நடுவில் 'எல்' இல்லையென்றால் சாதா டிஃபரன்ஷியல். ஆனால் இத்தனை வருடத்தில் பல் செட்டை மாற்றியிருக்கலாம், தகடு அப்படியே இருக்கலாம்.

ஆகவே விகிதத்தைக் கையால் சோதியுங்கள். சாதா டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி, மற்றதைத் தரையில் வைத்து, தூக்கிய சக்கரத்தை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். அதற்குள் பினியன் எத்தனை சுற்றுச் சுற்றுகிறதோ அதுதான் விகிதம். லிமிடெட் ஸ்லிப் என்றால் இரண்டு பக்கமும் தூக்கி, இரண்டு சக்கரமும் சேர்ந்து ஒரே ஒரு சுற்று.

கிரைஸ்லர் 8.75-இலும் தொகுதி முன்பக்கமாகவே வரும். 1957 முதல் 1974 வரை வந்தது. வார்ப்பு எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தைப் படியுங்கள்: 741 என்றால் பினியன் தண்டு 1.375 இன்ச், 742 என்றால் 1.75, 489 என்றால் 1.875, அதுவும் கூம்பு வடிவம். இந்த மூன்றின் பல் செட்டும் ஒன்றுக்கொன்று சேராது. கேஸ் தொகுதியை முழுசாக மாற்றினால் மட்டும் ஹவுசிங்கில் (ஆக்சிலின் வெளிக்கூடு) உட்காரும். இன்னும் பலம் வேண்டுமென்றால் டானா 60: 9.75 இன்ச் கிரவுன், 35 ஸ்பிளைன். கனமும் அதிகம், சும்மா சுற்றித் திரிகிற வண்டிக்கு அது வீண் சுமை.

இனம் தெரிந்ததும், வண்டியில் உட்காருமா என்பதை அளவுகள்தான் சொல்லும். சக்கரம் ஒட்டும் முகத்திலிருந்து மறுபக்க முகம் வரை அளங்கள். டிரம் மேலிருந்து அளந்தால் தப்பு. 1965-66 மஸ்டாங் 57.25 இன்ச், 1967-70 மஸ்டாங் 59.25, 1971-73 மஸ்டாங் 61.25. இரண்டு இன்ச் கூடினாலே டயர் பெண்டரில் உரசும். அடுத்து லீஃப் ஸ்பிரிங் உட்காரும் பேட்களின் நடுப்புள்ளி இடைவெளி. 1965-70 மஸ்டாங்குக்கு 43 இன்ச். செவெல் போன்ற காயில் ஸ்பிரிங் வண்டியின் ஹவுசிங்கில் ஆக்சிலை வண்டியோடு இணைக்கும் மேல் கைகளுக்கான காதுகள் வார்ப்பிலேயே நீண்டிருக்கும், லீஃப் ஸ்பிரிங் கமாரோவில் அதை நேரடியாக மாட்ட முடியாது. சக்கர போல்ட்டு வட்டம் ஃபோர்டில் 4.5 இன்ச், செவர்லேயில் 4.75, சின்ன மோப்பார்களில் (கிரைஸ்லர் நிறுவனக் கார்கள்) 1972 வரை 4. பினியனோடு டிரைவ் தண்டை இணைக்கும் யூ ஜாயிண்டின் அளவும் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மாற்று ஜாயிண்ட் தேடி அலைய வேண்டும்.

ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டியின் 8.8 இன்ச் ஆக்சில் எல்லோருக்கும் பிடித்த மலிவுத் தேர்வு. 31 ஸ்பிளைன், 1995-க்குப் பிறகு டிஸ்க் பிரேக், அகலம் 59.5 இன்ச்சை ஒட்டி வரும். பினியன் நடுவில் இல்லை. ஒரு பக்கக் குழாய் சுமார் 3 இன்ச் நீளம் கூடுதல். நீளமான பக்கத்தை வெட்டி, இரண்டு பக்கமும் குட்டை தண்டைப் போட்டால் நடுவுக்கு வரும், அகலமும் சுருங்கும். வார்ப்பு நடுப்பகுதிக்குள் குழாயை அழுத்திச் செருகி ஓரிரு இடத்தில் மட்டுமே பற்றவைத்திருப்பதால், அதிக டார்க் கொடுத்தால் குழாய் தனியாகச் சுற்றிவிடும். வார்ப்பை முன்சூடு செய்து சுற்றிலும் பற்றவைக்க வேண்டும்.

எந்த ஆக்சிலானாலும் ஸ்பிரிங் பேட்களை முதலில் டேக் (சின்னப் புள்ளி வெல்டு) மட்டும் போடுங்கள். வண்டியை முழு எடையில் தரையில் நிறுத்தி, பினியன் கோணத்தைப் பார்த்த பிறகுதான் முழு வெல்டிங். ஒரே மூச்சில் பற்றவைத்தால் குழாய் வளைந்து பேரிங்கைத் தின்னும், துண்டு துண்டாக, பக்கம் மாற்றி மாற்றி ஓட்டுங்கள்.