கொக்கா, தலைக்கவசமா

அந்தச் சிறுமி "கொக்கு" என்று சொன்னபோது தலையசைத்துவிட்டு நான் அடுத்த ஓவியத்துக்கு நகர்ந்திருக்கலாம். ஓவியக்கூட வழிகாட்டியான எனக்கு அலி பனிசத்ரின் ஓவியத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது ஏழு நிமிடம். அதில் பாதி, கித்தானின் கீழ் மூலையில் இருந்த ஒரு வெள்ளைத் தீற்றலிலேயே கழிந்துவிட்டது. பத்தடி தள்ளி நின்றால் அது குனிந்து இரை தேடும் பறவை. அருகே போனால் அகலத் தூரிகையை ஒரே மூச்சில் இழுத்து, முனையில் சற்றே திருப்பிய தடம் மட்டுமே.

நான் பேசத் தொடங்கினேன். ஓவியர் 1976-இல் தெஹ்ரானில் பிறந்தவர், 1980 முதல் 1988 வரை நீடித்த ஈரான்–ஈராக் போருக்கு நடுவே வளர்ந்தவர், குண்டு விழும் ஓசையையும் அதிர்வையும் சிறு வயதிலேயே படமாக வரைந்து பார்த்தவர், பன்னிரண்டு வயதில் குடும்பத்தோடு நாட்டைவிட்டுக் கிளம்பியவர், பின்னர் நியூயார்க்கில் படிக்கும்போது அந்த வெடியோசைகளைக் கரித்துண்டால் வரைந்தவர் என்றெல்லாம் சொன்னேன். ஒன்றும் பொய்யில்லை. நான் முடித்ததும் சிறுமி மறுபடி மூலையைப் பார்த்து, "அப்படியென்றால் அது ஹெல்மெட்" என்றாள்.

பின்னால் நின்றிருந்த ஒரு மூதாட்டி, தாமும் அந்த ஆண்டுகளில் தெஹ்ரானில் இருந்ததாகச் சொல்லிவிட்டு, கோபமே இல்லாத குரலில், "அவளுடைய கொக்கை ஏன் சுட்டீர்கள்?" என்று கேட்டார். "வரலாறு தெரிய வேண்டாமா, அம்மா?" என்றேன். "எனக்குத் தெரியும். எனக்கும் கொக்குதான் தெரிந்தது" என்றார்.

என் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அரூப ஓவியத்தின் முன் வருகிறவர்கள், பற்றிக்கொள்ள ஒரு பிடி கிடைக்காவிட்டால், இதை நானே வரைவேனே என்று முணுமுணுத்தபடி கடந்துவிடுகிறார்கள். போர் நினைவை ஓவியரும் மறைத்தவரல்லர். வரையும்போது ஓசைதான் தம்மை வழிநடத்துகிறது என்று அவரே பலமுறை பேசியிருக்கிறார். ஆயினும், ஓர் ஓவியம் எங்கிருந்து வந்தது என்பது வேறு, அதில் என்ன இருக்கிறது என்பது வேறு; அன்று நான் முதலாவதைச் சொல்லி இரண்டாவதை முடித்துவைத்துவிட்டேன். பாரசீகச் சிற்றோவியம் போல மேலிருந்து பார்க்கும் பார்வையும், பழைய ஐரோப்பிய ஓவியர்களான போஷ், புரூகல் ஆகியோரின் ஓவியங்களில் உள்ள நெரிசலும் கொண்ட அந்தப் பரப்பில், கண் ஒரு முகத்தைத் தேடிப் போகும். முகம் கூடிவருவதற்குள் அது வண்ணமாகக் கலைந்துவிடும். தொடக்கக் கால ஓவியங்களில் எறும்பளவு இருந்த உருவங்கள் பிற்பாடு பெரிதாக வளர்ந்த பின்னும் அவர் அவற்றை முழுதாகக் கூடிவர விடவில்லை. அத்தனை ஆண்டுகளாக அவர் விடாமல் காத்துவந்ததை நான் மூன்று நிமிடத்தில் உருவ ஓவியமாக்கிவிட்டேன்.

ஆனால் கொக்கும் ஓர் உருவம்தானே? தீற்றலைத் தீற்றலாகப் பார்ப்பதை நான் பேசுவதற்கு முன்பே சிறுமி நிறுத்திவிட்டிருந்தாள். நான் ஒரு பெயருக்குப் பதில் இன்னொரு பெயரைக் கொடுத்தேன், அவ்வளவே. இந்த வாதம் பகலில் நன்றாகத்தான் நிற்கிறது.

இப்போதெல்லாம் போரைப் பற்றி நானாகச் சொல்வதில்லை. போன வாரம் ஒருவர், இது எதைக் காட்டுகிறது என்று கேட்டார். உங்களுக்கு என்ன தெரிகிறது என்று திருப்பிக் கேட்டேன். அவர் ஓவியத்தை விட்டுவிட்டுச் சுவரிலிருந்த அட்டையின் முதல் வரியைப் படித்தார். "ஓ, ஈரான்" என்றார், நகர்ந்துவிட்டார்.