சோறு இல்லாமல் வந்த படை: இம்பால், கொஹிமா, 1944

இரண்டாம் உலகப் போரின் திசையை மாற்றிய சண்டைகள் என்றவுடன் ஸ்டாலின்கிராட், மிட்வே, எல் அலமெய்ன், நார்மண்டி ஆகிய பெயர்களே பெரும்பாலும் நம் நினைவுக்கு வருகின்றன. அதே வரிசையில் வைக்கத்தக்க ஒரு பெரும்போர் 1944ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் ஜூலை மாதம் வரை இந்திய மண்ணிலேயே, மணிப்பூர்ச் சமவெளியிலும் அதன் வடக்கே உள்ள நாகா மலைகளிலும், பர்மாவிலிருந்து படையெடுத்து வந்த ஜப்பானியருக்கும் பிரிட்டிஷ் இந்தியப் படைக்கும் இடையே நடந்தது. பிரிட்டனின் தேசிய இராணுவ அருங்காட்சியகம் 2013இல் நடத்திய வாக்கெடுப்பில், வாட்டர்லூவையும் நார்மண்டியையும் பின்னுக்குத் தள்ளி, பிரிட்டனின் மிகச் சிறந்த போராக இம்பால்-கொஹிமா தேர்ந்தெடுக்கப்பட்டது. நம் நாட்டில் அதைப் பற்றி எழுதப்பட்டதும் பேசப்பட்டதும் மிகக் குறைவு என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

இந்தப் போரைப் பற்றி வாசிக்க வாசிக்க ஒரு கருத்து என்னுள் உறுதிப்பட்டிருக்கிறது. வீரத்தில் இரு தரப்பும் ஒன்றுக்கொன்று சளைத்தவையல்ல. தீர்ப்பு எழுதியது அரிசி. தன் வீரர்களுக்குச் சோறு போட வழி செய்துவிட்டு நின்ற படை வென்றது. பகைவனின் கிடங்கிலிருந்து எடுத்து உண்ணலாம் என்று நம்பி வந்த படை அழிந்தது.

அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்துகொள்ள ஜப்பானியப் பதினைந்தாம் இராணுவத்தின் தளபதி முத்தாகுச்சி ரென்யாவை அறிய வேண்டும். 1937இல் சீனாவுடனான முழுப் போருக்கு வித்திட்ட மார்க்கோ போலோ பாலத்து மோதலில் ஜப்பானிய ரெஜிமென்டுக்குத் தலைமை தாங்கியவர் அவர். 1942இல் மலாயாவிலும் சிங்கப்பூரிலும், பல ரெஜிமென்டுகள் சேர்ந்த ஒரு டிவிஷனை நடத்திச் சென்றவரும் அவரே. மலாயாவில் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை விட்டுச் சென்ற உணவையும் வண்டிகளையும் எரிபொருளையும் கைப்பற்றியபடியே ஜப்பானியர் முன்னேறினர். அந்த அனுபவம் இம்பாலிலும் கைகொடுக்கும் என்று அவர் எண்ணினார். பர்மாவின் சிண்ட்வின் ஆற்றைக் கடந்து, மலைகளைத் தாண்டி, மூன்று வாரங்களுக்குள் இம்பாலின் கிடங்குகளைப் பிடித்துவிட வேண்டும். மழைக்காலம் தொடங்கும்போது தன் படை அங்கே வயிறார உண்டுகொண்டிருக்க வேண்டும் என்பதே திட்டம். ஆகவே வீரர்கள் சுமந்து சென்றது ஏறத்தாழ மூன்று வார உணவு மட்டுமே. செங்கிஸ்கானின் படையை முன்மாதிரியாகக் கொண்டு, பொதி சுமக்கவும் பின்னர் இறைச்சியாகவும் பயன்படட்டும் என்று ஆயிரக்கணக்கான மாடுகளையும் ஓட்டிச் சென்றனர். அவற்றுள் பல ஆற்றைக் கடக்கும்போதே மூழ்கின. மற்றவை மலைப்பாதையில் சரிந்து விழுந்தன. அவருடைய அலுவலர்கள் சிலரே இத்திட்டம் நடவாது என்று எச்சரித்தும் அவர் செவிசாய்க்கவில்லை.

எதிர்த்தரப்பில் பிரிட்டிஷ் பதினான்காம் இராணுவத்தை நடத்திய வில்லியம் ஸ்லிம் வேறு வகையில் சிந்தித்தார். முன்னேறி நின்ற தம் டிவிஷன்களை இம்பால் சமவெளிக்குப் பின்னிழுத்து, விமானத் தளங்களுக்கு அருகில் நின்று, நீண்ட மலைப்பாதையின் கடைசியில் களைத்து வரும் பகைவனைச் சந்திப்பது அவரது முடிவு. அந்தக் கணக்கிலும் பிழைகள் இருந்தன. இம்பாலிலிருந்து தெற்கே பர்மாவுக்குச் செல்லும் டிடிம் சாலையில் இருந்த பதினேழாம் இந்திய டிவிஷனுக்குப் பின்வாங்கும் ஆணை தாமதமாகச் சென்றதால், அது வழியெங்கும் சண்டையிட்டே திரும்ப வேண்டியிருந்தது. கொஹிமாவுக்கு ஒரு ரெஜிமென்ட் அளவு படைதான் வரும் என்று எதிர்பார்த்திருக்க, சாத்தோ கோத்தோக்குவின் தலைமையில் முப்பத்தோராம் டிவிஷன் முழுவதுமே வந்து சேர்ந்தது. மார்ச் இறுதி வாரத்தில் சாங்ஷாக் என்ற மலைக் கிராமத்தில் ஐம்பதாம் இந்திய பாராசூட் பிரிகேட் தன்னையே பலியிட்டதுபோல் நின்று, சாத்தோவின் படையின் ஒரு பகுதியைப் பல நாட்கள் தடுத்திராவிட்டால், கொஹிமா அநேகமாகக் காவலற்றே விழுந்திருக்கும்.

ஏப்ரல் 4 அன்று கொஹிமா முற்றுகை தொடங்கியது. திமாப்பூர் ரயில் நிலையத்திலிருந்து இம்பாலுக்குச் செல்லும் ஒரே சாலை அந்த மலைமுகட்டின் வழியாகத்தான் சென்றது. மருத்துவமனை நோயாளிகள், எழுத்தர்கள், சமையல்காரர்கள் எல்லோரையும் சேர்த்து அங்கே இருந்தவர்கள் ஏறத்தாழ 2,500 பேர். அவர்களில் சண்டையிடக்கூடியவர்கள் சுமார் 1,500 பேர். ராயல் வெஸ்ட் கென்ட் பட்டாலியனும் அஸ்ஸாம் ரெஜிமென்டும் அஸ்ஸாம் ரைஃபிள்ஸும் அந்தக் குறுகிய முகட்டில் ஒவ்வொரு மேடாக இழந்து ஒடுங்கின. குடிநீர் வழி துண்டிக்கப்பட்டது. விமானங்கள் போட்ட பொதிகளில் சில காற்றில் நகர்ந்து ஜப்பானியர் பக்கம் விழுந்தன. காயமுற்றவர்கள் திறந்த குழிகளில் கிடந்தபடியே மீண்டும் குண்டுபட்டனர். துணை ஆணையர் சார்லஸ் பாஸியின் பங்களாவை ஒட்டிய டென்னிஸ் மைதானத்தின் ஒரு விளிம்பில் ஒரு படையும் மறு விளிம்பில் மற்றொரு படையும் பதுங்குகுழி தோண்டி, கையெறி குண்டு எட்டும் தூரத்தில் வாரக்கணக்கில் நின்றன. ஏப்ரல் 18 அன்று மீட்புப்படை வந்து சேர்ந்த பின்னும் அந்த மைதானம் முழுமையாகக் கைக்கு வர மே மாத நடுப்பகுதி ஆயிற்று. இன்று அங்கே போர்வீரர் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. மைதானத்தின் கோடுகள் கல்லில் குறிக்கப்பட்டிருக்கின்றன. 1,420 கல்லறைகளோடு, எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேரின் நினைவுச் சின்னமும் அங்கே உள்ளது.

கொஹிமாவின் வீரம் பேசப்படும் அளவுக்கு இம்பாலின் வானம் பேசப்படுவதில்லை. மார்ச் இறுதியில் சாலை துண்டிக்கப்பட்டு ஜூன் 22 வரை இம்பால் ஒரு தீவாக இருந்தது. அந்நாட்களில் டகோட்டா விமானங்கள் சுமார் 19,000 டன் பொருட்களையும் 12,000 வீரர்களையும் உள்ளே கொண்டுவந்தன. ஏறத்தாழ 13,000 நோயாளிகளையும் காயமுற்றவர்களையும், சண்டைக்குத் தேவைப்படாத 43,000 பேரையும் வெளியே ஏற்றிச் சென்றன. உண்ணும் வாய்களைக் குறைப்பதும் ஒரு போர்முறைதான் என்பதை ஸ்லிம் நன்கு அறிந்திருந்தார். அதற்கு முன்னரே, மார்ச் மாதத்தின் பிற்பாதியில், ஐந்தாம் இந்திய டிவிஷன் தன் பீரங்கிகளோடும் கோவேறு கழுதைகளோடும் பர்மாவின் மேற்குக் கரையான அரக்கானிலிருந்து விமானத்திலேயே வந்து இறங்கியிருந்தது. சீனாவுக்குச் சரக்கு கொண்டுசென்ற அமெரிக்க விமானங்களில் சிலவற்றை அதற்காக, தென்கிழக்காசியாவில் நேச நாட்டுப் படைகளின் தலைவராயிருந்த மவுண்ட்பேட்டன் திருப்பிவிட்டார். இம்பாலில் உணவின் அளவு குறைந்தது. ஆனால் ஒருநாளும் நின்றுபோகவில்லை.

சாத்தோவின் படைக்கோ, சிண்ட்வினைக் கடந்த பின் அரிசியும் வரவில்லை, தோட்டாவும் வரவில்லை. நாகா கிராமங்களின் நெல்லும் கால்நடைகளும் தீர்ந்தபின் காட்டுக் கீரையும் புல்லுமே மிஞ்சின. மே மாதத்தில் மழை கொட்டத் தொடங்கியது. மலேரியாவும் சீதபேதியும் பரவின. பலமுறை தந்தி அனுப்பியும் பயனில்லாத நிலையில், மே 31 அன்று மேலிடத்தின் ஆணையை மீறித் தன் படையைப் பின்னிழுத்தார் சாத்தோ. ஜப்பானிய இராணுவத்தில் ஒரு டிவிஷன் தளபதி இப்படிச் செய்வது கேள்விப்படாத செயல். இராணுவ நீதிமன்றத்தில் நின்று உண்மையைச் சொல்ல அவர் விரும்பினார். ஆனால் அவர் மனநலம் குன்றியவர் என்று கூறப்பட்டு, விசாரணையே தவிர்க்கப்பட்டது. முத்தாகுச்சி தன் கீழிருந்த மூன்று டிவிஷன் தளபதிகளையும் பதவியிலிருந்து நீக்கினார். ஜூன் தொடக்கத்தில் பர்மாப் படைகளின் தலைவர் கவாபே அவரை நேரில் சந்தித்தபோதும், படையெடுப்பைக் கைவிடலாம் என்ற சொல்லை இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்த மௌனத்தின் விலையாக மேலும் ஒரு மாதம் வீரர்கள் பட்டினியில் மடிந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஜூலை மாதத்தில்தான் பின்வாங்கும் ஆணை பிறந்தது. படையெடுத்து வந்த சுமார் 85,000 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தோ காயமுற்றோ நோயுற்றோ போயினர். பின்வாங்கிய பாதைக்கு ஜப்பானிய வீரர்களே வெள்ளை எலும்புச் சாலை என்று பெயரிட்டனர்.

நாகா மக்களின் பங்கை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. வழிகாட்டிகளாகவும், வேவு பார்ப்பவர்களாகவும், பகைவரின் கண்ணெதிரே காயமுற்றவர்களைச் செங்குத்தான சரிவில் தூக்கிச் சென்றவர்களாகவும் அவர்கள் செய்த உதவியை ஸ்லிம் மனம் நிறைந்து பாராட்டினார். அதே மக்களின் கிராமங்கள்தான் இரு தரப்பின் குண்டுகளாலும் தரைமட்டமாயின. யாருடைய போருக்காகவோ தம் வீட்டையும் விளைச்சலையும் இழந்தவர்கள் அவர்கள்.

இரு பக்கமும் இந்தியர்கள் நின்ற போர் இது. ஒரு பக்கம் பிரிட்டிஷ் இந்தியப் படையின் ஜாட்டுகள், டோக்ராக்கள், பஞ்சாபிகள். நுங்ஷிகும் மலையில் ஏப்ரல் 13 அன்று பிரிட்டிஷ் அதிகாரிகள் அனைவரும் வீழ்ந்தபின் டோக்ராக்களை நடத்தி முகட்டைக் கைப்பற்றியவர் சுபேதார் ரண்பீர் சிங். மறுபக்கம், ஜப்பானியரோடு சேர்ந்து வந்த சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய இராணுவம். அதே ஏப்ரலின் 14ஆம் நாள் மணிப்பூரின் மொய்ராங்கில் சௌகத் மாலிக் மூவண்ணக் கொடியை ஏற்றினார். மலாயாவின் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் அந்த இராணுவத்தில் சேர்ந்திருந்தனர். சென்னையைச் சேர்ந்த லட்சுமி சுவாமிநாதன் தலைமையிலான ஜான்சிராணிப் படைப்பிரிவு பர்மாவில் ஆணைக்காகக் காத்திருந்தது. களத்துக்குச் சென்றவர்களை ஜப்பானியரைப் போலவே பசியும் மலேரியாவும் வாட்டின.

இம்பாலில் முறிந்த ஜப்பானியப் படையால் பர்மாவில் அதன்பின் நிலைகொள்ள முடியவில்லை. 1945 மார்ச் மாதத்தில் மாண்டலேயும், மே தொடக்கத்தில் ரங்கூனும் நேச நாட்டுப் படைகளின் வசமாயின. மணிப்பூர் எல்லையிலிருந்து பசியோடு திரும்பிய இந்திய தேசிய இராணுவத்தின் சுபாஷ் பிரிகேடின் தளபதி ஷா நவாஸ் கான், அந்த ஆண்டு நவம்பரில் டெல்லி செங்கோட்டையில் அதே இராணுவத்தின் அதிகாரிகளான சேகல், தில்லான் ஆகியோருடன் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டார். நாடெங்கும் எழுந்த கொந்தளிப்பைக் கண்டு, மூவருக்கும் விதித்த நாடுகடத்தல் தண்டனையை 1946 ஜனவரியில் இராணுவத் தலைமையே கைவிட நேர்ந்தது.