கோப்பிக்கடை நாற்காலி

பினாங்கு ஜார்ஜ்டவுனில் பசியாறப் போனால் கோப்பி வருவதற்குள் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்துவிடுவேன். அப்பா பிரம்பு நாற்காலி செய்தவர், அந்தப் பழக்கதோஷம்.

பழைய கடைகளில் இருக்கும் வளைந்த முதுகு நாற்காலிக்கு மூலம், 1859இல் தச்சர் மிக்கேல் தோனெட் கொண்டுவந்த 14ஆம் எண் நாற்காலி. பீச் மரக் கழியை நீராவியில் இளக்கி, அச்சில் வளைத்துக் காயவிடுவார்கள். மொத்தமே ஆறு மரத் துண்டுகள், பத்து திருகாணிகள், இரண்டு நட்டுகள். பிரித்து அடுக்கினால் ஒரு கனமீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள்! அப்பாவிடம் சொன்னேன். “பிரம்பை நாங்க நெருப்புல காட்டி வளைக்கலையா?” என்றார். சரிதான்.

1925இல் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் மார்செல் பிராயர் சைக்கிள் கைப்பிடியைப் பார்த்து எஃகுக் குழாயில் நாற்காலி செய்தார். நெதர்லாந்து வடிவமைப்பாளர் ரீட்வெல்டின் சிவப்பு நீல நாற்காலியோ நேர்க்கோடுகளும் அடிப்படை நிறங்களும் கறுப்பும் மட்டுமே. அதே மனிதர் 1924இல் உட்ரெக்டில் கட்டிய வீடும் அந்த நாற்காலி பெரிதானது போலத்தான் இருக்கும். அந்த நாற்காலியின் நகல் ஒன்றில் உட்கார்ந்திருக்கிறேன். பத்தே நிமிடம், முதுகு கெஞ்சியது. பார்க்க அழகு, அவ்வளவுதான்.

இப்போது நான் செய்யும் பெஞ்சுக்கு, எங்கள் தெருக் கடைவீடுகளின் ஜன்னலுக்கு மேலுள்ள காற்றுத் துளைகளை முதுகுப் பலகையில் வெட்டுகிறேன். பினாங்குப் புழுக்கத்தில் முதுகுக்கும் காற்று வேண்டுமே. முதல் பலகை துளைக்குத் துளை பிளந்துவிட்டது. இரண்டாவதில் இடைவெளியைக் கூட்டியிருக்கிறேன்.