மூடியைத் திறந்தீர்களா?

ஜர்காட் டி செல்களை (ரத்தப் புற்றுநோயிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் வளர்க்கும் மனித வெள்ளணுக்கள்) புற ஊதா ஒளியில் காட்டித் திட்டமிட்ட செல் மரணத்தைத் தூண்டுவது எளிய சோதனை என்றுதான் பெயர். முடிவு ஆளுக்கு ஆள் மாறும். விளக்கு வீசும் அளவும் செல்லுக்குப் போய்ச் சேரும் அளவும் ஒன்றல்ல என்பதே பெரும்பாலும் காரணம்.

இந்த விளக்கு வீசும் 254 நானோமீட்டர் ஒளியை வளர்ப்புத் தட்டின் பாலிஸ்டைரீன் (பிளாஸ்டிக்) மூடி விழுங்கிவிடும். வளர்ப்பு ஊடகத்தில் உள்ள பீனால் ரெட் என்ற நிறக்காட்டியும் சீரமும் மிச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே செல்களை 300 ஜி-யில் 5 நிமிடம் சுழற்றி, பிபிஎஸ் என்ற நிறமற்ற உப்புக் கரைசலில் மில்லிலிட்டருக்கு 10 லட்சம் என்ற அடர்த்தியில் கலக்குங்கள். 60 மில்லிமீட்டர் தட்டில் 2 மில்லிலிட்டர் விட்டால் ஆழம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வரும். அதற்கு மேல் போனால், அடியில் படிந்த செல்களுக்கு மேலே உள்ளவை குடை பிடிக்கும்.

விளக்கை 15 நிமிடம் முன்பே போட்டுச் சூடாக விட்டு, தட்டு இருக்கப்போகும் அதே உயரத்தில் மீட்டர் வையுங்கள். சதுர மீட்டருக்கு 1 வாட் காட்டினால், 50 விநாடியில் 50 ஜூல். சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிஜூல் என்பது சதுர மீட்டருக்கு 10 ஜூல். இங்கே சறுக்கினால் டோஸ் பத்து மடங்கு தவறும். முதல் முறை 10, 25, 50, 100 ஜூல் என்று வரிசையாகப் பாருங்கள். அளவு மீறினால் செல்கள் திட்டமிட்டுச் சாகாது, வெறுமனே வெடித்துச் சாகும். கண்ணும் தோலும் பத்திரம்: கண்ணெரிச்சல் சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும்.

ஒளி பட்டதும் பிபிஎஸ்ஸை எடுத்துவிட்டு, சூடான ஊடகத்தில் 37 டிகிரிக்குத் திருப்புங்கள். இனி நடப்பது செல்லின் வேலை. டிஎன்ஏவில் அடுத்தடுத்துள்ள பிரிமிடின்கள் ஒட்டிக்கொள்ள, படியெடுக்கும் ஆர்என்ஏ பாலிமரேஸ் அங்கே முட்டி நிற்கிறது. எம்சிஎல்-1 ஆயுள் குறைந்த காவல் புரதம். புதிதாக வராவிட்டால் விரைவில் தீர்ந்துபோகும். காவல் போனதும் பாக்ஸ், பாக் போன்ற புரதங்கள் மைட்டோகாண்ட்ரியாவில் துளையிடும்; சைட்டோகுரோம் சி வெளியேறி, அபாஃப்-1 என்ற புரதத்துடன் சேர்ந்து, செல்லை உள்ளிருந்தே வெட்டும் காஸ்பேஸ் நொதிகளை, முதலில் காஸ்பேஸ்-9, பிறகு காஸ்பேஸ்-3 என்று வரிசையாகக் கிளப்பும். செல்லின் மேற்பரப்பிலோ, அழைப்பு மூலக்கூறு எதுவும் வராமலே ஃபாஸ் என்ற மரண ஏற்பிகள் கொத்துக் கொத்தாகச் சேர்ந்து காஸ்பேஸ்-8-ஐத் தூண்டுவதும் உண்டு. டிஎன்ஏ சேதமானால் கூடும் பி53 என்ற புரதம், செயல்படும் வடிவில் ஜர்காட்டில் கிடையாது. பி53 கூடவில்லையே என்று வெஸ்டர்ன் பிளாட்டை (புரத அளவைக் காட்டும் சோதனை) மூன்று முறை ஓட்டிப் பயனில்லை. சாதாரண லிம்போசைட்டுகளில் கதை வேறு.

அளப்பதற்கு இரண்டு சாயம் போதும்: சாகத் தொடங்கிய செல்லின் மேற்பரப்பில் ஒட்டும் அனெக்சின்-5, சவ்வு கிழிந்த செல்லுக்குள் மட்டும் நுழையும் புரோப்பிடியம் அயோடைடு. அனெக்சினுக்குக் கால்சியம் இன்றியமையாதது: பிணைப்புக் கரைசலில் 2.5 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு வேண்டும். கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ சிறிது கலந்தாலும் அனெக்சின் ஒட்டாது. செத்துக்கொண்டிருப்பவையும் உயிருள்ளவை போலத் தெரியும். இருட்டில் 15 நிமிடம் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் படித்துவிடுங்கள்.

நேரமும் ஏமாற்றும். 4 முதல் 6 மணி நேரத்தில் அனெக்சின் மட்டும் ஏற்ற செல்கள் கிடைக்கும். 24 மணி நேரம் விட்டால் இரண்டு சாயமும் ஏறிவிடும். உடம்பில் என்றால் மேக்ரோபேஜ் என்ற துப்புரவுச் செல் விழுங்கியிருக்கும், தட்டில் அப்படி அப்புறப்படுத்த ஆள் இல்லை. அந்த நிலையில் எது திட்டமிட்ட சாவு, எது நேரடிச் சாவு என்று பிரிக்க முடியாது.

சூரியனின் 254 நானோமீட்டர் ஒளி ஓசோனைத் தாண்டித் தரைக்கு வருவதில்லை. தோலில் உள்ள டி செல்களைப் பற்றிப் பேசுவதாக இருந்தால் அதைவிட அலைநீளம் கூடிய யூவி-பி விளக்குதான் சரி. அதிலும் குறைந்த அலைநீளம் கசியும். செல்லுலோஸ் அசிட்டேட் தாளால் வடிகட்டுங்கள். டிஎன்ஏ யூவி-பி ஒளியைக் குறைவாகவே உறிஞ்சுவதால் டோஸ் பல மடங்கு கூட வேண்டியிருக்கும்.

கடைசியாகக் கட்டுப்பாட்டுத் தட்டு. அதே பிபிஎஸ், அதே நேரம், அதே விளக்கின் கீழ், மூடி மட்டும் போட்டபடி. ஒளி பட்ட இன்னொரு தட்டில் காஸ்பேஸ் தடுப்பானான இசட்-வேட்-எஃப்எம்கே 20 மைக்ரோமோலார் சேருங்கள், ஒளி படுவதற்கு அரை மணி முன்பே ஊடகத்திலும், பிறகு திருப்பி வைக்கும் ஊடகத்திலும். அதிலும் காஸ்பேஸ்-3 வெட்டு குறையவில்லை என்றால், முதலில் தடுப்பானின் பாட்டிலைச் சந்தேகியுங்கள்.