பிரித்துவிட்ட தையல்

மனநலப் பிரிவு ஓபியில் நான் நர்ஸாகச் சேர்ந்த புதிதில், வருகிறவர்களுக்கு பிரஷர் பார்ப்போம். எடை பார்க்க மாட்டோம். எடை மிஷின் சர்க்கரை நோய்ப் பிரிவில் இருந்தது. ஒன்று கேட்டு வாங்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

அப்போது ஒரு அக்கா மனச்சோர்வுக்கு மிர்டாசபின் என்ற மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பாடும் தூக்கமும் இல்லாமல் வந்தவர், இரண்டே மாதத்தில் முகம் தெளிந்துவிட்டார். ஐந்தாவது மாதம் பழையபடி தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். பையிலிருந்து எடுத்த மாத்திரை அட்டைகளில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. ஏன் என்று கேட்டேன். கையைத் தூக்கி ஜாக்கெட்டின் பக்கவாட்டைக் காட்டினார். உள்தையல் இரண்டும் பிரித்தாயிற்று, இனிப் பிரிக்கத் துணி இல்லை.

"ராத்திரி பதினோரு மணிக்கு எழுந்து சோத்துப் பானையைத் தேடுறேன் சிஸ்டர். வீட்ல கேலி பண்றாங்க. அதான் நானே நிறுத்திட்டேன்."

மிர்டாசபின் மூளையில் ஹிஸ்டமின் என்ற ரசாயனம் வேலை செய்யும் இடங்களை அடைக்கிறது. தூக்கம் வருவதிலும் பசி கிளம்புவதிலும் அந்த அடைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மற்ற மாத்திரைகளில் அமிட்ரிப்டிலினிலும் இந்தத் தொல்லை இருக்கிறது. பராக்ஸிடின் நாள்பட்டால் எடை போட வைக்கலாம். ஃபுளுவாக்ஸிடினில் ஆரம்பத்தில் கொஞ்சம் இளைப்பதும் உண்டு. புப்ரோபியானில் பெரும்பாலும் ஏறுவதில்லை. ஆக, மாற்றிக் கொடுக்க வழி இருக்கிறது. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல் வரலாம். விட்டுப்போன நோயும் திரும்பலாம். அந்த அக்காவுக்குத் திரும்பியிருந்தது.

சாப்பிடாமல் இளைத்தவர் தேறும்போது இழந்த எடை திரும்பி வருவதும் உண்டு. அது நல்ல விஷயம். எது தேறிய எடை, எது மருந்து ஏற்றிய எடை என்று பார்க்க முதல் நாள் கணக்கு வேண்டுமே! அவருடைய சீட்டில் அது இல்லை. அந்தக் குறை எனக்கு இன்னும் உறுத்துகிறது.

டாக்டர் தைராய்டும் பார்க்கச் சொன்னார். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். கூடுதலாக இருந்தது; அப்படியென்றால் தைராய்டு சுரப்பு குறைவு என்று அர்த்தம். தைராய்டு சுரப்பு குறைந்தால் அசதி, மனச்சோர்வு, கொஞ்சம் எடை எல்லாம் சேர்ந்தே வரும். அவருக்கு வயது 48 வேறு. மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறையக் குறைய வயிற்றுப் பக்கம் கொழுப்பு சேரும். இத்தனைக்கும் பழி அந்த ஒரு மாத்திரை மேல் விழுந்திருந்தது.

மருந்தை மாற்றினார்கள். தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போடச் சொல்லி அனுப்பினோம். அடுத்த வாரமே எங்கள் அறைக்கும் ஒரு எடை மிஷின் கேட்டு வாங்கினேன்.

இப்போது யார் வந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறச் சொல்கிறேன். அப்புறம், "ராத்திரியில பசிக்குதா?" என்று கேட்கிறேன். "அதையெல்லாம் இங்க சொல்லலாமா சிஸ்டர்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். சொல்லுங்கள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவேன்.