கூகை கக்கிய கணக்கு

அரசலாற்றங்கரையில் இருக்கிறது எங்கள் பள்ளி. சம்பா நடவு முடிந்ததும் பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றமான பசுமைப் படைப் பிள்ளைகள் 12 பேரோடு, கூகை என்கிற ஆந்தையைப் பற்றிய ஆய்வில் இறங்கினேன். எலி பிடிக்க வசதியாக வயலில் தலைகீழாக நட்ட தென்னை மட்டையில் இரவில் வந்து உட்காரும் கூகை எதைத் தின்கிறது என்று பார்க்க வேண்டும்.

கூகை எலியை முழுதாக விழுங்கிவிட்டு, செரிக்காத மயிரையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கும். உருண்டையைப் பிரித்தால் கணக்குத் தெரிந்துவிடும். பிள்ளைகளுக்கு இது உடனே பிடித்துப்போனது. ஊருக்குத்தான் பிடிக்கவில்லை. "சாக்குருவி கக்கியதைப் பொறுக்கவா பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறோம், சார்?" என்று ஒரு தாய் கேட்டேவிட்டார்.

இரண்டு வாரம் மட்டைகளின் அடியில் துழாவியதில் கிடைத்தவை மூன்றே உருண்டைகள். அந்த வழியாகக் கிட்டி என்னும் எலிப்பொறிகளைத் தோளில் மாட்டிக்கொண்டு போன எலி பிடிக்கும் பெரியவர் சிரித்தார். "வேலை பார்க்கிற இடத்தில் தேடினால் எப்படி, சார்? தூங்குகிற இடத்துக்குப் போங்கள்." அவர் காட்டியது மூடிக்கிடந்த பழைய அரிசி ஆலை. வனத்துறைக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, குஞ்சிருந்த மூலையை நெருங்காமல், அங்கே கூடை நிறையப் பொறுக்கினோம்.

பிறகு நான் செய்ததுதான் மடத்தனம். எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டி வைத்தேன். ஐப்பசி மழையில் பூசணம் பிடித்தது. மயிரைப் புழு அரித்தது. எந்த எலும்பு எந்த உருண்டையில் இருந்தது என்றே தெரியவில்லை. மறுபடி பொறுக்கினோம். இம்முறை வெயிலில் காயவைத்து, ஒவ்வொன்றையும் தனிக் காகித உறையிலிட்டுத் தேதி எழுதினோம்.

கையுறையும் முகக்கவசமும் அணிந்து, வெந்நீரில் ஊறவைத்து, இடுக்கியால் பிரித்தோம். நீண்ட வெட்டுப்பல்லும் அதன்பின் இடைவெளியும் இருந்தால் எலி. சிறு கூர்பற்கள் நெருங்கி வரிசையாக இருந்தால் மூஞ்சூறு. முதல் அட்டவணையில் எலிகளின் எண்ணிக்கை மலைக்க வைத்தது. "இடது தாடையையும் வலது தாடையையும் இரண்டு எலியாக எண்ணிவிட்டோம், சார்" என்றாள் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி.

எந்த எலி என்பதில்தான் திணறினோம். பெரியவர் தன் கிட்டியில் விழுந்தவற்றைப் பெயர் சொல்லிக் கொடுத்தார். அவற்றின் தாடைகளை எடுத்துக் காயவைத்து அட்டையில் ஒட்டி, அவர் சொன்ன பெயர்களையே அடியில் எழுதினோம். ஒப்பிட எங்களுக்கு வேறு சுவடி இல்லை. எலி மருந்து வைக்கும் வயல்காரர்கள்மேல் அவருக்குக் கோபம் உண்டு. மருந்து தின்ற எலியைத் தின்றால் கூகையும் சாகும். அந்த வயலில் அவருக்கும் வேலை இருக்காது.

எலும்பு பிரிக்கும் நாளுக்கு அந்தத் தாயையும் அழைத்திருந்தேன். மூக்கை மூடிக்கொண்டு வந்தவர் அரை மணியில் இடுக்கியைக் கேட்டு வாங்கினார். போகும்போது சொன்னார்: "மட்டை நடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கதிர் வந்ததும் பிடுங்கிவிடுங்கள். பகலில் குருவி உட்கார்ந்து நெல்லைத் தின்றுவிடும்."