முப்பது நாள் கூண்டு

20 ஆகஸ்ட் 2025

பயோன்-எம் 2 கிளம்பிவிட்டது; உயிரினங்களை ஏற்றிச் சென்று திரும்பும் ஆளில்லா ரஷ்யக் கலம் அது. நம் நேரப்படி இரவு 10.43-க்குப் கஜகஸ்தானின் பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து சோயுஸ் ஏவூர்தி அதை ஏற்றிச் சென்றது. உள்ளே 75 சுண்டெலிகள், 1,500-க்கும் மேற்பட்ட பழ ஈக்கள், விதைகள், நுண்ணுயிர்கள். இனி ஒரு மாதம் அந்தக் கலத்துக்குள் மனிதக் கை நுழைய வழியில்லை.

21 ஆகஸ்ட்

காலையில் எங்கள் விலங்குக்கூடத்தில் எலிக் கூண்டுகளுக்குத் தண்ணீர்ப் புட்டி மாற்றும்போதும் அதே நினைவுதான். இங்கே புட்டியைக் கவிழ்த்து வைத்தால் போதும். எலி வந்து எஃகுக் குழாயின் நுனியிலுள்ள சிறு குண்டை நாக்கால் தள்ளும், ஒரு துளி இறங்கும். எடையின்மையில் எதுவும் இறங்காது. ஆகவே அந்தக் கலத்தில் தீனியையும் தண்ணீரையும் ஒன்றாகக் குழைத்துப் பசையாக்கி, குறித்த வேளைகளில் கருவியே கூண்டுக்குள் தள்ளுகிறது. அந்தக் கருவி நின்றுபோனால் பசியும் தாகமும் ஒருசேர வந்துவிடும். இருபத்தைந்து கிராம் எடையுள்ள உடம்பு அதை எத்தனை நாள் தாங்கும்?

24 ஆகஸ்ட்

2013-ஐ மறக்க முடியவில்லை. பயோன்-எம் 1 அந்த ஆண்டு ஏப்ரல் 19 அன்று கிளம்பி மே 19 அன்று திரும்பியபோது, அனுப்பிய 45 சுண்டெலிகளில் பாதிகூட உயிரோடு இல்லை. ஜெர்பில் என்ற பாலைநில எலிகள் எட்டும் கருவிக் கோளாறால் மாண்டிருந்தன. பல்லிகள் மட்டுமே நன்றாகத் தாக்குப்பிடித்தன. சுண்டெலிகளின் சாவுக்கு எடையின்மையைவிடத் தீனிக்கருவியின் பழுதும், ஒரே கூண்டில் மூன்று ஆண் எலிகள் அடைபட்டிருந்ததும் பெரிய காரணங்கள் என்பதைப் படித்தபோது எனக்கு ஆத்திரமே வந்தது. ஆண் எலிகளைக் குட்டிப் பருவத்திலிருந்தே சேர்த்து வளர்த்தால்தான் ஓரளவு ஒத்துப்போகும். அப்படி வளர்த்தவையும் இடநெருக்கடியில் ஒன்றன் முதுகை ஒன்று கடித்துவிடும். விலங்குக்கூடத்தில் வேலை செய்யும் யாருக்கும் இது தெரியும். அதற்காகத்தான் நாங்கள் நாளுக்கு இருமுறை கூண்டுகளைப் பார்த்து, காயம்பட்டதைத் தனியே எடுத்து வைக்கிறோம். அங்கே எடுத்து வைக்க யார் இருக்கிறார்கள்?

25 ஆகஸ்ட்

செய்தி இல்லை.

29 ஆகஸ்ட்

புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள்: “விண்வெளி நிலையத்துக்கே எலிகளை அனுப்புகிறார்களே அக்கா, இதற்கு மட்டும் எதற்குத் தனிக்கலம்?”

நல்ல கேள்வி. பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் பாதை நிலநடுக்கோட்டுக்கு 51.6 பாகை சாய்ந்தது; அது பெரும்பாலும் பூமியின் காந்தப்புலக் காப்புக்குள்ளேயே சுற்றுகிறது. இந்தக் கலமோ ஏறத்தாழ 97 பாகைச் சாய்வில், ஒவ்வொரு சுற்றிலும் இரு துருவங்களின் அருகிலும் கடந்து போகிறது. துருவங்களில் காந்தக்கோடுகள் தரையை நோக்கி இறங்குவதால், மற்ற இடங்களில் விலக்கப்படும் மின்னூட்டத் துகள்கள் அங்கே உள்ளே வந்துவிடுகின்றன. செவ்வாய்க்குப் போகும் மனிதன் அந்தக் காப்பு சிறிதும் இல்லாமல் ஒரு வழிக்கே ஆறு மாதத்துக்கும் மேல் பயணம் செய்ய வேண்டும். எடையின்மையும் கதிர்வீச்சும் ஒரே உடம்பில் சேர்ந்து விழும்போது என்ன ஆகும் என்பதைத் தரையிலுள்ள எந்தக் கருவியாலும் சரியாகக் காட்ட முடியாது. இதையெல்லாம் சொன்னேன். “அப்படியென்றால் நமக்குப் பதிலாகத்தான் அதுகள் போயிருக்கின்றன” என்றாள். ஆம் என்றேன்.

3 செப்டம்பர்

எலிகள் எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல. ஒரு பிரிவில், உயிரணுக்களை ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து காக்கும் மரபணுவைச் செயலிழக்கச் செய்திருக்கிறார்கள். கதிர்வீச்சு அவற்றை மற்றவற்றைவிட எளிதில் தாக்கும். இன்னொரு பிரிவுக்கு அதே காப்பைத் தூண்டும் மருந்து. ஆய்வின் தருக்கம் மிகத் தெளிவானது, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனாலும் கவசம் கழற்றப்பட்ட அந்தப் பிரிவின் மீதே மனம் போய் நிற்கிறது.

இன்றும் பசை சரியாக வந்திருக்குமா?

7 செப்டம்பர்

1966-இல் வெதரோக், உகல்யோக் என்ற இரண்டு நாய்களைக் காஸ்மோஸ் 110 என்ற சோவியத் கலத்தில் 22 நாள் சுற்றவிட்டார்கள். உயிரோடு திரும்பின, ஆனால் தசைகள் வற்றி, உடம்பில் நீர் குறைந்து, நிற்கவே தடுமாறின. நீண்ட பயணம் உடம்பை எப்படிக் கரைக்கிறது என்பதை அந்த நாய்கள் தெளிவாகக் காட்டின. இன்று விண்வெளி வீரர்கள் நாள்தோறும் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்வதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவற்றின் நினைவு வருகிறது.

12 செப்டம்பர்

தரையில் இருப்பவற்றைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஒப்பீட்டுக்காக ஒரு கூட்டம் எலிகள் அதே வகைக் கருவிக்குள், அதே பசையைத் தின்றுகொண்டு வாழ வேண்டும். மற்றொரு கூட்டம் சாதாரணக் கூண்டில். இவை இல்லாமல், மேலே போனவற்றின் எலும்பு மெலிந்தது எடையின்மையாலா, அடைபட்ட கூண்டாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. எங்கள் கூடத்திலும் மருந்து பெறாத எலிகளின் கூண்டு அட்டையில்தான் தேதிகள் அரைகுறையாக எழுதப்படுகின்றன. இன்று உட்கார்ந்து அவை எல்லாவற்றையும் திருத்தினேன்.

18 செப்டம்பர்

நாளை.

19 செப்டம்பர்

இறங்கிவிட்டது! ரஷ்யாவின் ஒரென்பர்க் புல்வெளியில், நம் நேரப்படி பிற்பகல் ஒன்றரை மணி வாக்கில். ஹெலிகாப்டர்களில் போய்ச் சேர்ந்தவர்கள் அங்கேயே கூடாரம் அமைத்து முதல் பரிசோதனைகளைத் தொடங்கியிருக்கிறார்கள். பழ ஈக்கள் எப்படி நடக்கின்றன என்று பார்த்து நரம்பு மண்டலத்தின் நிலையை அறிகிறார்களாம். எலிகள் மாஸ்கோவுக்குப் போகும்.

மூன்று முறை கை கழுவினேன், வேலை ஓடவில்லை.

20 செப்டம்பர்

வீட்டில் எல்லோரும் “பிழைத்து வந்துவிட்டன அல்லவா, இனி என்ன கவலை” என்கிறார்கள். திரும்பி வந்த எலிகளில் ஒரு பகுதியை ஈர்ப்புக்கு உடம்பு பழகுவதற்குள்ளேயே கொன்றுதான் தசையையும் மூளையையும் எலும்பு மச்சையையும் எடுத்தாக வேண்டும். தாமதித்தால் பறத்தல் விட்ட தடயங்கள் மறையத் தொடங்கிவிடும். சிலவற்றை மட்டும் உடம்பு எப்படி மீள்கிறது என்று பார்ப்பதற்காக வைத்திருப்பார்கள். அந்த வேலையை நான் செய்திருக்கிறேன். பிடரியைப் பிடித்துத் தூக்கும்போது எலியின் பின்னங்கால்கள் எதையாவது பற்றிக்கொள்ளத் துழாவும். ஒரு மாதம் பற்றிக்கொள்ளத் தரையே இல்லாமல் இருந்த கால்கள் எவ்வளவு வலுவோடு துழாவும் என்பதைத்தான் அங்கே யாராவது குறித்துக்கொள்ள வேண்டும். பிடிவலுவை அளக்கும் சிறிய கம்பி வலை எங்களிடமும் இருக்கிறது. வாலைப் பிடித்து மெதுவாகப் பின்னால் இழுத்தால் எலி அதை எவ்வளவு இறுகப் பற்றுகிறது என்று தெரிந்துவிடும்.